இரண்டு கரைக்கும் ஒரே மெஷின்

அன்புள்ள எமல்டா மச்சாள்,

உனக்கு ஏதாவது எழுதுவதென்றால் முதல் வரியிலேயே பகிடி விட்டுத்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அது வரவில்லை. நீ போய் ஐந்து மாதமாகிறது. முதல் மாதம் முழுக்க அழுதேன். அதற்குப் பிறகு வேலைக்கு வந்தேன், மருந்து கொடுத்தேன், உன் கதிரையைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். இப்போது மூன்று கிழமையாக உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

சின்னக் கோபமில்லை. கலியாண வீட்டில் என் தோட்டைக் கடன் வாங்கி ஒன்றைத் துலைத்துவிட்டு, மற்றதை மட்டும் திருப்பித் தந்தாயே, அப்போது வந்த கோபமில்லை இது. நீ என்னை ஏமாற்றிவிட்டாய் மச்சாள். மாமாவின் மகள், அண்ணன் பெண்சாதி, பத்தொன்பது வயதிலிருந்து என் கூட்டாளி, ஒரே ஆஸ்பத்திரியில் நீ பொறுப்புத் தாதி, நான் மருந்தாளர். இவ்வளவு முறையும் வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றினாய். செத்த ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று ஆட்கள் கேட்பார்கள். நான் தினமும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ மூடி வைத்தது போதும்.

முதலில் ஆஸ்பத்திரிச் சேதியைச் சொல்கிறேன். இனி மாத அறிக்கையைத் தாளில் எழுதி அனுப்பத் தேவையில்லையாம். எங்களைப் போன்ற கிராமத்து ஆஸ்பத்திரிகள் எல்லாம் கம்பியூட்டரில் பதிய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஒரு கம்பியூட்டரும் வந்தது. அதை ஊசி போடும் அறையில் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அங்கேதான் பிளக் இருக்கிறது. ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகள் அதைப் பார்த்ததும் கொஞ்சம் வாயை மூடுகிறார்கள். அந்த அளவுக்காவது பிரயோசனம்.

பழைய தாளில் நீ எப்படி எழுதுவாய்? ஈசிஜி மெஷின், ஒன்று, இயங்கும் நிலையில். அவ்வளவுதான். கீழே உன் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து. புது முறையில் அப்படி விட மாட்டார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் படம் வேண்டும், எந்த அறையில் இருக்கிறது என்று வேண்டும், அடியில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கம் வேண்டும். கட்டில், தராசு, ஒட்சிசன் சிலிண்டர், நெபுலைசர் என்று ஒவ்வொன்றாக நான்தான் கவிழ்த்துக் கவிழ்த்து இலக்கம் பார்த்தேன். இடுப்பு விட்டுப்போனது. உன்னைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன், இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே என்று. அது அன்பான திட்டு.

ஈசிஜி மெஷினின் இலக்கத்தைப் போட்டதும் கம்பியூட்டர் ஏற்கவில்லை. இந்த இலக்கம் ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் சிவப்பு. சுகாதாரக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். அங்கே இருந்த தம்பி தேடிப் பார்த்துவிட்டு, வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியின் பேரில் அது இருக்கிறது என்றான். ஸ்டிக்கர் தேய்ந்திருக்கும், நீங்கள் பிழையாக வாசித்திருப்பீர்கள், கடைசி இலக்கத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள் மிஸ் என்றான். மூன்று எட்டாகத் தெரியும் வயதுதானே எனக்கு. மாற்றிப் போட்டேன். பச்சை வந்தது. நிம்மதியாக எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

பிறகு அக்கரை ஆஸ்பத்திரிப் பொறுப்புத் தாதி நசீரா மிஸ்ஸிக்குப் போன் எடுத்தேன். பகிடிக்குத்தான் எடுத்தேன் மச்சாள். உங்கட மெஷினும் எங்கட மெஷினும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நாளைக்கு நான் நேரில் வாறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் பத்து மணிப் பாதைப் படகில் ஏறி, மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன்பெட்டிகளுக்கும் நடுவில் நின்றபடியே வாவியைக் கடந்து வந்தாள். மருந்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அது எங்கட மெஷின் அக்கா. உங்கட மெஷின் பழுதாப் போய், றிப்பேருக்கெண்டு கொண்டு போனவங்க திருப்பித் தரவே இல்ல. நாலு வருசமா எங்கடதத்தான் எமல்டா அக்காவும் நானும் மாறி மாறி வச்சிருந்தம்."

நாலு வருடம். நாற்பத்தெட்டுத் தாள். எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

ஒரு கிழமை இங்கே, ஒரு கிழமை அங்கே என்று வைத்திருக்கிறீர்கள். பரிசோதனைக்கு அதிகாரிகள் எந்தக் கரைக்கு வருகிறார்களோ, மெஷின் முதல் நாளே அந்தக் கரைக்குப் போய்விடும். காத்தான்குடித் துணிக்கடைப் பை ஒன்றில் போட்டு, மேலே ஒரு சீலையை மடித்து வைத்து, நீயே கொண்டு போயிருக்கிறாய். நசீரா அதைச் சொன்னபோது எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் பையை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். வாங்கின சீலை பிடிக்கவில்லை, மாற்றப் போகிறேன் என்பாய். உனக்குப் பிடித்த சீலை இனித்தான் நெய்ய வேணும் என்று நான் நக்கலடிப்பேன். நீ என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மெஷின் எங்கே என்று கேட்டால் றிப்பேருக்குப் போயிருக்கு என்பாய். இந்த மெஷினுக்கு உன்னை விட உடம்பு சரியில்லை என்று அதற்கும் பகிடி விட்டேன். நீ சொன்னதில் பாதி மெய்தான். எங்கள் மெஷின் றிப்பேருக்குத்தான் போயிருந்தது, திரும்பி வராத றிப்பேருக்கு. இப்படிப் பாதி மெய்யைக் கலந்து பொய் சொல்ல எங்கே பழகினாய்? நம் வீட்டில் யாரும் அப்படியில்லையே.

ஏன் என்னிடம் சொல்லவில்லை மச்சாள்? நான் காட்டிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்தாயா? அல்லது, தெரிந்தால் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று நினைத்தாயா? இரண்டாவதுதான் என்றால், என்னை நல்லவள் என்று நினைத்துத்தான் ஏமாற்றியிருக்கிறாய். அந்தப் பெருமையை நான் என்ன செய்வது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதை உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது. எனக்கு உண்மையிலேயே தெரியாமல்தான் இருந்ததா? மாதத்தில் இரண்டு தரம் பழுதாகி இரண்டு தரம் சுகமாகிற மெஷினைப் பற்றி ஒரு மருந்தாளருக்குச் சந்தேகம் வராதா? வந்திருக்க வேண்டும். வந்தும் நான் கேட்காமல் விட்டிருப்பேனோ என்று இப்போது யோசிக்கிறேன்.

நீ ஏன் செய்தாய் என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரியாது என்று சொன்னால் நானும் பொய்க்காரிதான். எங்கள் பிரசவ அறையை நினைக்கிறேன். அப்போது நீ பொறுப்பெடுத்த புதுசு. சளி உறிஞ்சும் மெஷின் வேலை செய்யவில்லை, வெளிச்சம் போதாது, இரண்டாவது கட்டில் தேவை என்று ஒன்றும் விடாமல் உண்மையை எழுதினாய். எழுதிவிட்டு, இனிமேல் வரும் பாரு மச்சாள் என்று என்னிடம் பெருமையும் அடித்தாய். மெஷின் வரவில்லை. கடிதம்தான் வந்தது. வசதிகள் போதாமையால் இந்த ஆஸ்பத்திரியில் இனிப் பிரசவம் பார்க்க வேண்டாம், கர்ப்பிணிகளை வேறிடத்துக்கு அனுப்பவும்.

இருந்த ஒரு கட்டிலையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் படுவான்கரைப் பெண்கள் அன்றிலிருந்து நோவு எடுத்தால் முச்சக்கர வண்டியிலும் பாதையிலும் ஏறி வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நம் பிலோமினாவின் மகள் பாதித் தண்ணியில் பாதையிலேயே பெற்றாள், கூடப் போன நீதான் பாதைக்காரனின் துவாயால் பிள்ளையைத் துடைத்துச் சுற்றினாய். அதற்குப் பிறகு ஒருநாள் இதே மருந்து அறையில் சேலைன் பெட்டிகளுக்குமேல் இருந்து அழுதாய்.

"கேட்டதுதான் பிழை மச்சாள். எல்லாம் இரிக்கு எண்டு எழுதியிருந்தா, இருந்ததாவது மிஞ்சியிருக்கும்."

நான் அதைக் கோபத்தில் சொன்ன கதை என்று எடுத்தேன். நீ அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாய் என்று எனக்கு விளங்கவில்லை. ஈசிஜி இல்லை என்று எழுதினால் நோயாளர் வாட்டை மூடுவார்கள், டொக்டரை வேறிடத்துக்கு மாற்றுவார்கள், கடைசியில் பனடோல் கொடுக்கிற யன்னல் ஒன்றுதான் மிஞ்சும் என்று நீ பயந்தாய். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் இரண்டு ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது என்று எழுதினதால் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் மெஷின் தேவையில்லை என்றாகிவிட்டது. நாலு வருடமாகத் தேவைப் பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. மேலே இருந்தவர்களும் ஒருதரமாவது திருப்பிப் பார்க்கவில்லை. எல்லாம் இருக்கிறது என்று வருகிற தாள் அவர்களுக்கும் வசதிதானே.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். வர எனக்கு விருப்பமில்லை.

கிளினிக் நாள். சனம் முற்றம் வரைக்கும் நின்றது. பத்து மணிபோல நீ என் யன்னலுக்கு வந்து, வாய்வு குத்துகிறது, ஏதாவது தா என்றாய். தந்தேன். என் கையாலேயே தந்தேன், இரண்டு குளிசையும் ஒரு கரண்டி வெள்ளை மருந்தும். காலமே சாப்பிடாமல் வந்தால் இப்படித்தான் என்று ஏசியும் விட்டேன். அரை மணித்தியாலத்தில் உன் நெற்றியெல்லாம் வேர்த்ததைத் தர்ஷினி டொக்டர்தான் கண்டார். அந்தப் பிள்ளைக்கு இது முதல் நியமனம், உனக்குத் தெரியும், வந்த புதுசில் நீதான் சோறு கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாய். உன்னைப் படுக்க வைத்து, ஈசிஜி எடுக்க வேணும் என்றார்.

"மெஷின் றிப்பேருக்குப் போயிட்டு டொக்டர். இது வாய்வுதான், எனக்குத் தெரியும்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் அதைச் சொன்னாய், நானும் அந்த நேரம் கட்டிலடியில்தான் நின்றேன். டொக்டர் அஸ்பிரின் தந்தார். அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு பட்டணத்துக்குப் போயிருந்தது. வேன் ஒன்றைப் பிடிப்போம் என்று டொக்டர் கேட்க, நீ அவருக்கே பாடம் நடத்தினாய். உன் முப்பது வருட அனுபவத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையால் என்ன சொல்ல முடியும்? ஈசிஜித் தாள் ஒன்று கையில் இருந்திருந்தால் உன் கதையைக் கேட்காமல் உன்னைத் தூக்கி வேனில் போட்டிருப்பார். அம்புலன்ஸ் திரும்பி வந்து உன்னை ஏற்றியபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. பட்டணத்துக்குப் போகிற பாலத்துக்கு வரமுதலே நீ போய்விட்டாய். உன் கை என் கைக்குள்தான் இருந்தது.

இவ்வளவும் எனக்கு முதலே தெரியும். நசீரா சொன்ன மிச்சம்தான் தெரியாது. அன்றைக்கு அக்கரையில் பரிசோதனை. அதிகாரிகள் மேசையைச் சுற்றி நின்று சாமான்களை ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டிருந்த நேரம் நீ அவளுக்குப் போன் எடுத்திருக்கிறாய். நெஞ்சு நோகுது, மெஷின் வேணும் என்று சொல்லியிருக்கிறாய். அவள் பதறிப்போய், இப்பவே யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன் என்று சொல்ல, நீ மறித்திருக்கிறாய்.

"'வேணாம், அவங்க போகட்டும், மறுகா அனுப்பு, நீ மாட்டிக்குவாய்' எண்டு சொன்னாங்க அக்கா. நான் கேட்டிருக்கக்கூடாது. அல்லாஹ் மேல ஆணை, நான் கேட்டிருக்கவே கூடாது."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உன் உயிரைக் காக்கிற மெஷின் அந்த மேசையில் இருந்தது. அதற்கு நேரே சரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அது அப்படியே இருக்கட்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஒரு தாளில் ஒரு சரி அடையாளத்துக்காக என்று நான் கோபத்தில் சொல்வேன். நசீராவுக்காக என்று நீ சொல்வாய். நான் யாருக்காக அழ வேண்டும் என்று நீயே சொல்லு.

சரி, உன்னோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். உன் பேரை மூடி வைத்துவிட்டு, நானும் நசீராவும் கிழவியாகும் வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்திருப்போம். ஆனால் இதில் இன்னொரு ஆள் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

நீ போன பிறகு அண்ணன் சும்மா இருக்கவில்லை. தாதியாக வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே தாதிக்கு ஈசிஜி எடுக்கவில்லை, டொக்டர் கவனிக்காமல் விட்டார் என்று முறைப்பாடு எழுதினார். அவர் எழுதாமல் என்ன செய்வார்? கந்தோரில் இருந்து விசாரணைக்கு வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது எங்கள் தாள். ஈசிஜி மெஷின், ஒன்று, இயங்கும் நிலையில். நீ சாகிறதுக்கு நாலு நாள் முதல் அனுப்பின தாள். மெஷின் இருந்திருக்கிறது, ஏன் எடுக்கவில்லை என்று தர்ஷினி டொக்டரைக் கேட்டார்கள். றிப்பேருக்குப் போனதாக மிஸ்ஸி சொன்னா என்று அந்தப் பிள்ளை சொல்லிற்று. அனுப்பின துண்டுச் சீட்டு எங்கே என்றார்கள். துண்டு இருந்தால்தானே. மெஷினோ விசாரணைக்கு வந்தவர்களின் கண்ணுக்கு முன்னாலேயே வாட்டு மேசையில் இருந்தது, ஏனென்றால் நசீரா உன் செத்த வீட்டுக்கு வந்தபோது துக்கத்திலும் பயத்திலும் அதை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இது உங்கள் கையெழுத்தா? ஓம். அப்படியென்றால் மெஷின் இருந்ததா? றிப்பேருக்குப் போனது என்று நீ சொன்னதை நம்பிக்கொண்டிருந்த எனக்கு, அதைச் சொல்ல அப்போது வாய் வந்திருக்க வேண்டும். ஆனால் அதைச் சொன்னால், பிறகு ஏன் இயங்கும் நிலையில் என்று கையெழுத்து வைத்தீர்கள் என்று கேட்பார்கள். பென்சனுக்கு மூன்று வருடம் இருக்கிற ஆள் நான். ஞாபகமில்லை ஐயா என்றேன். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அன்றைக்கு நான் செய்ததும் நீ செய்ததும் ஒன்றுதான்.

கதிரவெளியில் கடலுக்குப் போகிற மனிசனின் மகள் அது. அந்தக் குடும்பத்தில் முதல் முதல் படித்த பிள்ளை. விசாரணை பாதகமாக முடிந்தால் நியமனத்தை உறுதிப்படுத்த மாட்டார்களாம், பெயருக்குப் பக்கத்தில் அலட்சியத்தால் மரணம் என்று ஏறிவிடுமாம். இப்போதும் தினமும் வருகிறது, கிளினிக் பார்க்கிறது, என்னோடு மருந்துச் சீட்டுக்கு மட்டும் கதைக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் உன் அறைக்குள் போய்த் தனியே இருக்கிறது.

மூன்று கிழமையாக எனக்கு எல்லாம் தெரியும். மூன்று கிழமையாகக் கம்பியூட்டரிலும் பச்சைதான் இருக்கிறது. கடைசி இலக்கத்தை மாற்றி நான் பதிந்த அந்த மெஷின் உலகத்தில் எங்கேயும் இல்லை. முதலில் தெரியாமல் போட்டேன். பிறகு தெரிந்தும் விட்டு வைத்தேன். பொய் இவ்வளவு இலேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை மச்சாள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும், அது தன் பாட்டில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். வட்டையில் வயல் பார்த்துவிட்டு வந்து கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். உன் பிள்ளைகள் இருவரும் வெளியே போயிருந்தார்கள், அதனால்தான் அந்த நேரத்தைப் பிடித்தேன். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தாள், மெஷின், பை, நசீரா, போன். முழுக்கச் சொல்லி முடியும் வரைக்கும் அவர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். உன்னைப் பற்றி இப்படிச் சொல்கிறாயே என்று அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சு நோகக்குள்ள எனக்கு ஒரு கோல் எடுக்கல்ல அவள். நசீராவுக்கு எடுத்திரிக்காள்."

பயப்படுத்தக்கூடாது என்று விட்டிருப்பாள் அண்ணன் என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. வட்டையில்தான் நின்றாராம், போன் சட்டைப் பையில்தான் இருந்ததாம், மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்திருப்பாராம். பத்து நிமிடம் என்று மூன்று நாலு தரம் சொன்னார். பிறகு, அந்த டொக்டர்ப் பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார், கடலுக்குப் போகிறவர் என்றேன். வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவும் இல்லை. முறைப்பாட்டை வாபஸ் வாங்குவாரா, என்மேலும் ஒன்று எழுதுவாரா, எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத்தார் உன் படத்தைப் பெரிதாக்கி வாட்டு வாசலில் மாட்டப் போகிறார்கள். மாலையும் சொல்லியாயிற்று. நாளைக்கு விசாரணையில் நான் வாயைத் திறந்தால் அந்தப் படத்தை மாட்டுவார்களோ தெரியாது. சங்கத் தலைவர் விசயம் தெரியாமலே என்னிடம் வந்து, எமல்டா மிஸ்ஸியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாங்க என்று கேட்டார். இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

நாலு நல்ல வார்த்தை என்ன, நானூறு சொல்லலாம் உன்னைப் பற்றி. மழை வெள்ளத்தில் இடுப்புத் தண்ணியில் வந்து வேலை செய்தவள் நீ. சம்பளமில்லாத லீவு எடுத்து, யாருமில்லாத ஒரு கிழவனுக்குப் புண் கட்டினவள் நீ. சனம் உன்னை நம்பியது, நான் நம்பியதை விட அதிகமாக நம்பியது. அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது. கெட்டவள் ஒருத்தி ஏமாற்றியிருந்தால் நான் ஏசிவிட்டு மறந்திருப்பேன்.

இன்றைக்கு மத்தியானம் கிளினிக் முடிந்ததும் ஊசி அறைக்குப் போனேன். அழுகிற பிள்ளைகள் யாரும் இல்லை. கம்பியூட்டரைத் திறந்து அந்தப் பொய் மெஷினை அழித்தேன். ஈசிஜி மெஷின் என்ற இடத்தில் பூச்சியம் போட்டேன். காரணம் கேட்டது. நாலு வருடமாக இல்லை, இருப்பதாக நாங்கள் அனுப்பிய அறிக்கைகள் பிழை என்று தட்டினேன். அனுப்புகிற பொத்தானை அமத்தினேன். பிறகு நசீராவுக்குச் சொன்னேன். தன்னைக் கேட்டால் தானும் ஓமென்றுதான் சொல்வேன் என்றாள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொல்கிறாள். அவளுடைய மெஷின் நாளைக்கு அவளுடைய ஆஸ்பத்திரிக்கே போகும், மேலே சீலை மடித்து வைக்காமல், துண்டு எழுதி.

நீ பயந்தது நடந்தாலும் நடக்கும். ஒரு கடிதம் வரலாம், லொறி வரலாம், கட்டில்களை ஏற்றிக்கொண்டு போகலாம். அப்படி வந்தால் நான் வாசலில் நிற்பேன். நான் மட்டும் நிற்க மாட்டேன், படுவான்கரைச் சனத்தையும் கூட்டி வைத்துக்கொண்டு நிற்பேன். நீ எங்களை நம்பி அதைச் செய்திருக்கலாம். சனத்திடம் சொல்லியிருக்கலாம், என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நீ தனியே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பாதையில் ஏறினாய்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. தர்ஷினி டொக்டர் பக்கத்தில் இருப்பார். நீ அவருக்கு மெஷின் இல்லை என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன் என்று சொல்வேன். தாளில் இருப்பது பொய் என்று சொல்வேன். அதை எழுதினது நீ, பார்க்காமல் கையெழுத்து வைத்தது நான், ஞாபகமில்லை என்று போனமுறை சொன்னதும் பொய் என்று சொல்வேன். ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் பிரசவ அறைக் கதையை முழுக்கச் சொல்லாமல் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். உன்னை விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் உன்னைக் காப்பாற்ற ஒரு பிள்ளையைப் பலி கொடுக்க மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுதினால் அதுவும் ஒரு பொய்த் தாள்தான். இன்னும் மன்னிக்கவில்லை. நாளைக்கு விசாரணை முடிந்து நேரே உன் கல்லறைக்கு வருவேன் என்று எதிர்பார்க்காதே, வர மாட்டேன். கோபம் ஆறட்டும். மாதமோ வருடமோ எனக்குத் தெரியாது. ஆறின அன்றைக்கு மெழுகுதிரியோடு வருவேன், இது சத்தியம். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டிரு.

உன்னோடு கதை பேச்சு இல்லாமல் இருக்கிற,
உன் மச்சாள் றீற்றா